புல், நுகம், மூலதனம்
அமெரிக்கத் தரைவழிக் குடிபெயர்வில் பயண ஆயத்தத்தின் சமூக அடிப்படை (1841 - 1869)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மிசூறி ஆற்றங்கரையிலிருந்து ஒறிகனுக்கும் கலிபோர்ணியாவுக்கும் ஏறத்தாழ 2,000 மைல் தூரத்தைத் தரைவழியாகக் கடந்து நிகழ்ந்த குடிபெயர்வு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியப் புனைவுகளுள் முதன்மையான இடம் பெற்றதொன்றாகும். வெண்ணிறக் கித்தான் போர்த்த வண்டிகளின் நெடுவரிசை, துப்பாக்கி ஏந்திய ஆடவர், வண்டியினுள் குழந்தையை அணைத்திருக்கும் தாய், தொலைவில் மலைமுகடு என்றவாறு ஓவியங்களும் திரைப்படங்களும் பாடநூல்களும் இக்காட்சியைத் திரும்பத் திரும்பத் தீட்டி வந்துள்ளன. 1893 ஆம் ஆண்டிற் சிக்காகோவில் பிறெடெரிக் ஜக்சன் ரேணர் முன்வைத்த எல்லைப்புறக் கோட்பாடு, மேற்கே பரந்து கிடந்த வெற்று நிலமும் அதனை நோக்கிய முன்னேற்றமுமே அமெரிக்க சமுதாயத்தின் தனித்தன்மையை உருவாக்கின எனக் கூறி, இப்புனைவுக்குப் புலமைசார் வடிவமும் அளித்தது.

இச்சித்திரம் எப்பொழுதும் பயணத்தின் நடுவிலேயே தொடங்குகின்றது. புறப்படுவதற்கு முந்திய மாதங்கள் அதில் இடம்பெறுவதில்லை. எவ்விலங்கை வாங்குவது, வண்டி எந்த மரத்தாலானது, எத்தனை இறாத்தல் மா ஏற்றுவது, எந்த வாரத்திற் புறப்படுவது என்பன வெறும் நடைமுறைச் செய்திகளாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின், இப்பயணத்தில் யார் கலந்துகொள்ள முடிந்தது, யார் உயிர் பிழைத்தனர், யாருடைய வாழ்வு அழிந்தது என்ற வினாக்களுக்குரிய விடைகள் பெருமளவுக்கு இந்நடைமுறைச் செய்திகளுக்குள்ளேயே பொதிந்துள்ளன. வீரத்தின் வரலாறாகக் கூறப்படுவதனை ஆயத்தத்தின் வரலாறாக நோக்கும்பொழுது அதன் பொருளாதார அடித்தளம் தெளிவாகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புல்லின் காலக்கணிப்பு

இப்பயணத்தின் எரிபொருள் புல்லே. இழுவை விலங்குகளுக்கு ஐந்து மாதங்களுக்குத் தேவையான தீனியை எவ்வண்டியும் சுமக்க இயலாது. தீனியை ஏற்றினால் உணவுக்கு இடமிராது. எனவே வழியில் விளைந்து நின்ற புல்லை நம்பியே விலங்குகள் நடக்க வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 12 முதல் 15 மைல் வரையே செல்லக்கூடிய எருதுகளோடு 2,000 மைலைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். புல் வளர்ந்து விலங்கின் வாய்க்கு எட்டுவது ஏப்பிரல் இறுதியிலோ மே மாத முற்பகுதியிலோதான். அதற்கு முன்னர்ப் புறப்பட்டால் விலங்குகள் பட்டினி கிடக்கும். மிகப் பிந்தினால், முன்னே சென்றோரின் விலங்குகள் மேய்ந்து தீர்த்த வெறுந்தரையே எஞ்சும். அத்தோடு சியேரா நெவாடா மலைத்தொடரின் கணவாய்களை ஒக்ரோபர் இறுதியில் பனி மூடிவிடும். இன்றைய வயோமிங் மாநிலத்திலுள்ள இன்டிப்பென்டன்ஸ் பாறையை யூலை 4 ஆம் நாளுக்குள் அடைய வேண்டும் என்ற வழக்கு இக்கணிப்பின் அடியாகப் பிறந்ததே.

இவ்வாறு இரு பக்கமும் இயற்கையால் அடைக்கப்பட்டிருந்த சில வாரங்களுக்குள் எல்லோரும் புறப்பட வேண்டியிருந்தமை பல விளைவுகளைத் தோற்றுவித்தது. இன்டிப்பென்டன்ஸ், சென்ற் ஜோசப், கவுன்சில் பிளவ்ஸ் போன்ற ஆற்றங்கரை நகரங்களில் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். ஒரே பொருளை எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்க முற்பட்டமையால் விலை ஏறியது. 1849 ஆம் ஆண்டின் பொன்வேட்டையின்போது தரைவழியே கலிபோர்ணியாவுக்குச் சென்றோர் 25,000 பேருக்குக் குறைந்தவரல்லர். நீராவிப் படகுகள் அவர்களை மட்டுமன்றி வாந்திபேதியையும் மிசூறிக் கரைக்குக் கொண்டுவந்தன. நெருக்கமான முகாம்களில் மாசுற்ற நீரைப் பருகியோரிடையே பரவிய அந்நோய் அவர்களோடு பிளற் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே மேற்கு நோக்கிப் பயணித்தது. 1849, 1850, 1852 ஆகிய ஆண்டுகளில் வழியோரப் புதைகுழிகளிற் பெரும்பாலானவற்றை நிரப்பியது பகைவரின் அம்பன்று, வாந்திபேதியே.

குதிரை, கோவேறு கழுதை, எருது

எவ்விலங்கு சிறந்தது என்பது அக்காலத்து வழிகாட்டி நூல்களிலும் செய்தித்தாள்களிலும் ஓயாத விவாதமாக இருந்தது. குதிரை வண்டியிழுப்பதற்கு ஏற்றதன்று என்பதிற் பெரும்பாலும் கருத்தொருமை நிலவியது. நாடோறும் கடும் உழைப்பில் ஈடுபடும் குதிரை, தானியமின்றிப் புல்லை மட்டும் உண்டு நெடுங்காலம் தாக்குப்பிடிப்பதில்லை. சவாரிக்கும் மந்தை காப்பதற்குமே அது பயன்பட்டது. ஆகவே போட்டி கோவேறு கழுதைக்கும் எருதுக்கும் இடையிலேயே நிகழ்ந்தது.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் மலட்டுக் கலப்பினமாகிய கோவேறு கழுதை, குதிரையிலும் குறைந்த தீனியில் வாழ்வது, குளம்பு உறுதியானது, வெப்பத்தைத் தாங்குவது, எருதினும் விரைந்து நடப்பது. 1821 இல் வில்லியம் பெக்னெல் தொடக்கிவைத்த சன்ரா பே வணிகத்தின் வழியாக மெக்சிக்கோவிலிருந்து இவ்விலங்குகள் மிசூறிக்கு வந்துசேர்ந்தன. காலப்போக்கில் அவற்றின் இனப்பெருக்கமே அம்மாநிலத்தின் முக்கிய தொழிலாயிற்று. எருதோ மணிக்கு இரண்டு மைல் அளவிலேயே நடப்பது. ஆயினும் முரட்டுப் புல்லையும் உண்டு பசியாறுவது. சேற்றிலும் மணலிலும் சலிக்காது இழுப்பது.

அமெரிக்கப் போர்த் திணைக்களத்தின் அனுமதியோடு 1859 இற் கப்டன் றண்டொல்ப் மார்சி வெளியிட்ட 'பிறெயறிப் பயணி' என்னும் கைந்நூல் இவ்விவாதத்தைத் தெளிவான கணக்காக்குகின்றது. உறுதியான தரையில், 1,000 மைலுக்கு மேற்படாத பயணத்துக்குக் கோவேறு கழுதையே விரும்பத்தக்கது என்றும், 1,500 அல்லது 2,000 மைல் செல்ல வேண்டியவிடத்து, அல்லது மணலும் சேறும் மிகுந்த பாதையில், இளம் எருதுகளே நின்று பிடிக்கும் என்றும் அவர் கருதினார். அதனிலும் முக்கியமானது விலை. ஆறு கோவேறு கழுதைகள் கொண்ட இணை 600 டொலர். எட்டு எருதுகள் கொண்ட இணையோ எல்லைப்புறத்தில் ஏறத்தாழ 200 டொலர்.

இங்கு விலங்கின் விலை மட்டுமன்றி அதனைச் சார்ந்த செலவும் மனங்கொள்ளத்தக்கது. எருதுக்கு வேண்டியது மரத்தாலான நுகமும் சங்கிலியுமே. கோவேறு கழுதைக்கோ தோலாற் செய்த முழுச் சேணம் வேண்டும். எருதோட்டி வண்டியில் அமராது அதன் பக்கத்தில் நடந்தே செல்வான். பண்ணையில் வளர்ந்த எவனுக்கும் அத்தொழில் கைவந்தது. கோவேறு கழுதையைப் பழக்குவதோ தனித் திறன். 1849 இல் அவசரமாக வந்திறங்கிய நகரவாசிகள் பலருக்கு ஒருநாளும் சேணம் பூட்டப்படாத இளங்கோவேறு கழுதைகளே கிடைத்தன. அவற்றைப் பழக்க முற்பட்டு உதைபட்டோரும் நாட்களை இழந்தோரும் பலர். இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், குடும்பமாகக் குடிபெயர்ந்த சிறு விவசாயிகளிற் பெரும்பாலோர் எருதைத் தெரிந்தமைக்கும், பணமும் அவசரமும் ஒருங்கே கொண்ட பொன்வேட்டைக்காரர் பலர் கோவேறு கழுதையை நாடியமைக்கும் காரணம் விளங்கும். விலங்கின் தெரிவு வர்க்க நிலையின் வெளிப்பாடாகவும் அமைந்தது.

எருதுக்கு இன்னொரு பயனும் இருந்தது. வேண்டியவிடத்து அதனைக் கொன்று உண்ணலாம். 1841 இல் கலிபோர்ணியா நோக்கிச் சென்ற முதற் குடிபெயர்வோர் குழுவில் ஜோன் பிட்வெல் என்ற இளைஞரும் இருந்தார். வறண்ட வடிநிலத்தில் வண்டிகளைக் கைவிட்டுப் பொதிகளை விலங்குகளின் முதுகில் ஏற்றிய அக்குழுவினர், பொதி கட்டும் கலையிற் பழக்கமற்றவர்களாக இருந்தமையாற் பொதிகள் சரிவதும் விலங்குகள் மிரண்டோடுவதுமாக அல்லற்பட்டனர். இறுதியில் எருதுகளையும் பின்னர்க் கோவேறு கழுதைகளையும் உண்டே நவம்பரிற் கலிபோர்ணியாவை அடைந்தனர்.

வண்டியும் சுமையும்

கிழக்குப் பகுதிகளிற் பெருஞ்சுமை ஏற்றப் பயன்பட்ட கொனெஸ்ரோகா வண்டி இப்பயணத்துக்கு மிகப் பாரமானது. ஏறத்தாழ 10 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட எளிய பண்ணை வண்டியே பெரிதும் பயன்பட்டது. அதன் உயிர்நிலை சில்லிலே தங்கியிருந்தது. மேற்குப் பீடபூமியின் வறண்ட காற்றில் மரம் சுருங்கும். ஆரக்கால்கள் குடத்திலிருந்து தளரும். வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டை கழன்று விழும். ஆகவே நன்கு உலர்ந்து முதிர்ந்த மரத்தாலான சில்லையே வாங்க வேண்டுமென மார்சி வலியுறுத்தினார். வழியிற் சில்லுத் தளர்ந்தோர் அதனைக் கழற்றி இரவு முழுவதும் ஆற்றில் ஊறவிடுவதும், வட்டைக்கும் பட்டைக்கும் இடையில் மரத்துண்டுகளை அறைவதும் வழக்கமாயிற்று. மாற்று அச்சு, ஏர்க்கால், ஆரக்கால் ஆகியன வண்டியின் அடியிற் கட்டப்பட்டன. தாரும் விலங்குக் கொழுப்பும் கலந்த மசகு வாளி பின்னச்சில் தொங்கியது. விலங்குகளுக்கான மாற்று இலாடங்களும் வேண்டியிருந்தன. பிளவுண்ட குளம்புடைய எருதுக்குக் காலொன்றுக்கு இரு தகடுகள் வீதம் அடிக்க வேண்டும். இலாடம் தீர்ந்தவிடத்து எருமைத் தோலாற் காலுறை தைத்துக் கட்டினர்.

சுமை பற்றிய கணக்கு இரக்கமற்றது. ஒரு வண்டியில் ஏறத்தாழ 2,000 இறாத்தலுக்கு மேல் ஏற்றுவது விலங்குகளைக் கொல்வதற்கு ஒப்பாகும். 1845 இல் வெளிவந்த லான்ஸ்போட் ஹேஸ்ரிங்சின் வழிகாட்டி நூல், வளர்ந்தவர் ஒருவருக்கு மா 200 இறாத்தல், உப்பிட்ட பன்றியிறைச்சி 150 இறாத்தல், சீனி 20 இறாத்தல், கோப்பி 10 இறாத்தல், உப்பு 10 இறாத்தல் வேண்டுமென விதந்துரைத்தது. இவற்றின் கூட்டுத்தொகை 390 இறாத்தல். வளர்ந்தோர் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இவை மட்டுமே 1,560 இறாத்தலாகும். எஞ்சிய 440 இறாத்தலுக்குள் கருவிகள், படுக்கை, உடை, சமையற் பாத்திரம், வெடிமருந்து யாவும் அடங்க வேண்டும். பாட்டியின் அலுமாரிக்கும் இரும்பு அடுப்புக்கும் அதில் இடமில்லை. ஆயினும் பலர் அவற்றை ஏற்றிச் சென்றனர். 1849 இல் லறமிக் கோட்டையை அண்டிய வழியோரங்களில் இறைச்சிக் குவியல்களும் அடுப்புகளும் பெட்டிகளும் வீசப்பட்டுக் கிடந்தன.

இவ்வுணவுப் பொருட்களைப் பேணும் முறையும் பெருங்கவனத்துக்குரியதாயிற்று. மாவை 100 இறாத்தல் வீதம் இரட்டைக் கித்தான் சாக்கில் இடுதல், வெப்பம் மிகுந்தவிடத்து இறைச்சியைத் தவிடு நிறைந்த பெட்டியிற் பொதிதல், வெண்ணெயைக் கொதிக்கவைத்து நுரை நீக்கி எண்ணெய்போற் தெளிந்தபின் தகரத்தில் அடைத்தல் என்பன மார்சி கூறும் முறைகள். இறுதியாகக் கூறப்பட்டது நாம் நெய் உருக்கும் முறையேயாம். இவ்வேலைகளிற் பெரும்பகுதி பெண்களின் கைகளிலேயே தங்கியது. பனிக்காலம் முழுவதும் வண்டிப் போர்வைக்கான துணியைத் தைத்து ஆளிவிதை எண்ணெயூட்டியோரும், பழங்களை உலர்த்தியோரும், மருந்துப் பெட்டியை ஒழுங்குபடுத்தியோரும் அவர்களே. எனினும் புறப்படும் தீர்மானம் பெரும்பாலும் ஆடவருடையதாகவே இருந்ததென்பதை, நாட்குறிப்புகளை ஆராய்ந்து ஜோன் மக் பறகர் 1979 இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. தீர்மானத்திற் பங்கில்லாதோர் ஆயத்தத்தின் பாரத்தைச் சுமந்தனர்.

அறிவும் ஓர் ஆயத்தமே

மாவும் எருதும் போலவே பாதை பற்றிய அறிவும் விலைக்கு வாங்கப்பட்டது. அதனை விற்றோருக்கும் நலன்கள் இருந்தன. ஆற்றங்கரை நகரங்கள் ஒவ்வொன்றும் தன்னிடமிருந்து தொடங்கும் பாதையே குறுகியதெனச் செய்தித்தாள்களிற் பறைசாற்றின. இதன் கொடிய விளைவை 1846 இற் காணலாம். கலிபோர்ணியாவில் அமெரிக்கரைக் குடியேற்றுவதில் ஆர்வங்கொண்டிருந்த ஹேஸ்ரிங்ஸ், பெரும் உப்பேரியின் தெற்கே செல்லும் குறுக்குவழி ஒன்றைத் தமது நூலிற் குறிப்பிட்டிருந்தார். அதனை எழுதியபொழுது அவர் அவ்வழியே சென்றிருக்கவில்லை. அவ்வழியைப் பின்னர்க் கடந்து வந்திருந்த ஜேம்ஸ் கிளைமன் என்ற மலைவேட்டையாளர் லறமிக் கோட்டையில் எச்சரித்தும், டொனர், றீட் குடும்பங்களைக் கொண்ட அணி அச்சிட்ட நூலையே நம்பியது. 40 மைல் எனக் கூறப்பட்ட உப்புப் பாலைவனம் உண்மையில் ஏறத்தாழ 80 மைல். அங்கே நீரின்றி எருதுகள் பல மிரண்டோடியும் மாண்டும் போயின, வண்டிகள் கைவிடப்பட்டன, நாட்கள் கழிந்தன. சியேரா கணவாயை அடைந்தபொழுது பனி முந்திக்கொண்டது. அவ்வணியின் 87 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோருட் சிலர் இறந்தோரின் உடலை உண்டு உயிர்தரித்தமையே பின்னர் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆயின் அவர்களின் அழிவு பனியிலன்று, உப்புப் பாலைவனத்தில் எருதுகளை இழந்த நாட்களிலேயே தொடங்கிவிட்டது.

வாங்க முடியாதோர்

அக்காலத்துச் சாதாரண தொழிலாளியின் நாட்கூலி 1 டொலரைச் சுற்றியே இருந்தது. எட்டு எருதுகளின் விலை அவனது 200 நாள் உழைப்பு. ஆறு கோவேறு கழுதைகளின் விலையோ இரண்டு ஆண்டுகளின் உழைப்பு. வண்டியும் உணவும் இதற்கு மேலானவை. எனவே "வெற்று நிலம்" எல்லோருக்கும் திறந்திருந்தது என்ற கூற்று பொருந்தாது. விற்பதற்கு ஒரு பண்ணையேனும் உடையவனே குடும்பத்தோடு புறப்பட முடிந்தது. உடைமையற்ற இளைஞர் பிறருடைய எருதுகளை ஓட்டி, உணவுக்காக உழைத்தே வழிகடந்தனர். கலிபோர்ணியச் சுரங்கங்களுக்கு அடிமைகளாகவே அழைத்துச் செல்லப்பட்ட கறுப்பின மக்களும் உளர். வசதி படைத்திருந்தும் நிறத்தால் தடுக்கப்பட்டோரும் உண்டு. 1844 இல் மிசூறியிலிருந்து தமது சொந்த வண்டிகளோடு புறப்பட்ட ஜோர்ஜ் வோஷிங்ரன் புஷ், அவ்வாண்டே ஒறிகனின் தற்காலிக அரசு கறுப்பினத்தவரைத் தடைசெய்து சட்டம் இயற்றியமையாற் கொலம்பியா ஆற்றின் வடக்கே சென்று குடியேற நேர்ந்தது.

எருதை வாங்க இயலாதோரின் நிலையை 1856 ஆம் ஆண்டின் கைவண்டி அணிகள் துலக்கமாகக் காட்டுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த வறிய மோர்மன் சமயத்தவரை உப்பேரி நகருக்கு அனுப்புவதற்குச் செலவு குறைந்த வழியாக, மனிதரே இழுத்துச்செல்லும் இருசில்லு வண்டிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. 1860 வரை 10 அணிகளில் ஏறத்தாழ 3,000 பேர் இவ்வாறு சென்றனர். ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட சொந்தப் பொருட்களின் நிறை 17 இறாத்தல். உரிய காலத்திற் புறப்பட்ட அணிகள் பெருஞ்சேதமின்றிச் சென்றடைந்தன. ஆயின் 1856 இன் இறுதி இரு அணிகளாகிய வில்லி, மார்ட்டின் அணிகளுக்கு முதிராத பச்சை மரத்தாற் செய்த வண்டிகளே கிடைத்தன. அவை வறண்ட காற்றிற் சுருங்கி உடைந்தன. கோடை பிந்திப் புறப்பட்ட அவ்வணிகளை ஒக்ரோபர்ப் பனிப்புயல் வயோமிங்கிற் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ 1,000 பேருள் 200 பேருக்கு மேல் இறந்தனர். முதிர்ந்த மரம், உரிய மாதம், இழுக்கும் விலங்கு ஆகிய மூன்றும் இல்லாதவிடத்து மனவுறுதி மட்டும் உயிர்காக்கவில்லை.

அப்புல் யாருடையது?

இதுகாறும் கூறப்பட்ட ஆயத்தங்கள் யாவும், வழியில் விளைந்த புல் எவருக்கும் உரியதன்று என்ற எடுகோளின் மீதே எழுந்தன. உண்மையில் பிளற் பள்ளத்தாக்கு போணி, லக்கோட்டா, செயென் முதலிய சுதேச மக்களின் வாழ்நிலம். அவர்களின் குதிரைகளும் எருமை மந்தைகளும் அதே புல்லையும் அதே ஆற்றோர மரநிழலையுமே பனிக்காலத்தில் நம்பியிருந்தன. ஆண்டுதோறும் பல்லாயிரம் விலங்குகள் இவ்வொடுங்கிய பள்ளத்தாக்கை மேய்ந்து சென்றமையாற் புல்லும் விறகும் அருகின. எருமைகள் விலகிச் சென்றன. எலியட் வெஸ்ற் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இச்சூழலழிவைத் தெளிவாக விளக்குகின்றது.

குடிபெயர்வோர் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் பெருமளவில் ஆயத்தம் செய்தனர். ஆயின் 1979 இல் வெளிவந்த ஜோன் அன்றூவின் ஆய்வின்படி, 1840 முதல் 1860 வரை சுதேச மக்களாற் கொல்லப்பட்ட குடிபெயர்வோர் 362 பேர். குடிபெயர்வோராற் கொல்லப்பட்ட சுதேச மக்கள் 426 பேர். ஆற்றைக் கடத்திவிட்டோரும், களைத்த விலங்குக்கு மாற்றுக் குதிரை விற்றோரும், பாதை காட்டியோரும் சுதேச மக்களே. 1844 இற் சியேரா நெவாடாவை முதன்முதல் வண்டிகளோடு கடந்த அணிக்கு வழிகூறியவர் பையூற் தலைவர் ஒருவர். இன்று திறக்கி என வழங்கும் ஆறு அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

1851 இல் லறமிக் கோட்டை உடன்படிக்கை, பாதையின் பாதுகாப்புக்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டொலர் பெறுமதியான பொருட்களை 50 ஆண்டுகளுக்கு வழங்க உறுதியளித்தது. செனற் சபை அதனைப் 10 ஆண்டுகளாக வெட்டி, மேலும் ஐந்து ஆண்டுகள் நீடிக்கலாமென மாற்றியது. 1854 ஓகஸ்ட் மாதம் குடிபெயர்வோன் ஒருவனிடமிருந்து பிரிந்த நொண்டிப் பசுவொன்றை லக்கோட்டா ஒருவர் கொன்றார். தலைவர் மாற்றோ வாயுஹி ஈடு தர முன்வந்தும், லெப்டினன்ட் கிறற்றன் பீரங்கிகளோடு முகாமுக்குச் சென்று சுட்டார். தலைவர் படுகாயமுற்று இறந்தார். கிறற்றனின் படைப்பிரிவும் அழிந்தது. மறு ஆண்டு ஜெனரல் ஹார்னியின் படை புளூவோட்டர் ஓடையருகே பெண்களும் குழந்தைகளும் உட்பட 80 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நெடும்பயணத்திற் கால் நொந்த ஒரு பசு, நீண்ட போரொன்றின் தொடக்கமாயிற்று.

1869 மே 10 ஆம் நாள் யூற்றாவிலுள்ள புறொமொன்ரறியிற் கண்டந்தழுவிய புகையிரதப் பாதை இணைக்கப்பட்டதும் ஐந்து மாதப் பயணம் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கியது. வண்டிகள் உடனடியாக மறையவில்லையெனினும் அவற்றின் காலம் முடிந்துவிட்டது. பின்வந்தோர் நினைவிற் கொண்டது வீரத்தை. அதனைத் தாங்கியவையோ நுகத்தடியிற் கழுத்துத் தேய்ந்த எருதுகளும், பனிக்காலமெல்லாம் தைத்த பெண்களின் கைகளும், விற்கப்பட்ட பண்ணைகளும், கேளாது மேயப்பட்ட பிறர் நிலத்துப் புல்லுமாகும். இவற்றைக் கணக்கில் எடுக்காது எழுதப்படும் குடிபெயர்வு வரலாறு, விலைச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் பண்டத்தை மட்டும் காட்டும் வணிகனின் செயலை ஒத்ததேயாம்.